கியர் பெட்டியும் மயிரிழை இடைவெளியும்



மலைச் சரிவில் இறங்குகிற ஒரு பள்ளி வேனை எண்ணிப் பாருங்கள். இரண்டாவது கியரில் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. திடீரென்று ‘டக்’ என்ற சத்தம். கியர் கம்பி தானாகவே நடுவுக்கு வந்து நின்றுவிடுகிறது. அதுவரை வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்த எஞ்சினின் பிடி போய்விட்டது. இனி பிரேக் ஒன்றுதான் துணை. உள்ளே இருப்பவர்கள் நம் பிள்ளைகள்.

இப்படிக் கியர் நழுவுவதற்கு ஏதோ பெரிய பல்சக்கரம் உடைந்திருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். பல சமயங்களில் எதுவுமே உடைந்திருக்காது. பெட்டிக்குள் ஏதோ ஓர் இடத்தில் இருக்க வேண்டிய இடைவெளி அரை மில்லிமீட்டர் கூடிப்போயிருக்கும், அவ்வளவுதான். அந்த இடைவெளியை எப்படி அளப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதையே இன்று பார்க்கப் போகிறோம். புதிதாக வரும் கார்களில் பெரும்பாலானவை தானாகக் கியர் மாறுகிறவை என்பது உண்மைதான். ஆனாலும் நம் தோட்டங்களில் ஓடும் பழைய கார்களும் வேன்களும் லோரிகளும் கையால் கியர் மாற்றும் வண்டிகளாகவே இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் நம் பையன்கள் வேலை செய்கிறார்கள். எங்கள் பழைய மாணவர்கள் சிலரும் அவர்களில் உண்டு. விடுமுறை நாள்களில் அவர்கள் அருகே அமர்ந்து பார்த்ததும் கேட்டதும் இந்தப் பேச்சுக்கு உதவியிருக்கின்றன.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். எஞ்சினிலிருந்து ஒரு தண்டு உள்ளே வருகிறது. சக்கரங்களுக்கு ஒரு தண்டு வெளியே போகிறது. இவற்றில் சின்னதும் பெரியதுமாகப் பல்சக்கரங்கள் சோடி சோடியாக எப்போதும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டே இருக்கின்றன. அப்படியானால் எல்லாக் கியரும் ஒரே நேரத்தில் வேலை செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யாது. ஒவ்வொரு சோடியிலும் ஒரு பல்சக்கரம் தன் தண்டின்மேல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். நாம் கியர் கம்பியைத் தள்ளும்போது உள்ளே கவை போன்ற ஒரு கருவி, அதாவது போர்க், ஸ்லீவ் என்னும் வளையத்தை நகர்த்துகிறது. அந்த ஸ்லீவ் ஏதாவது ஒரு பல்சக்கரத்தைத் தண்டோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறது. பூட்டப்பட்டது எதுவோ அதுவே அப்போதைய கியர்.

சும்மா சுழல வேண்டிய சக்கரம் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாகாது. எண்ணெய் புகுந்து நிற்க இடம் வேண்டும். இடம் குறைந்தால் எண்ணெய்ப் படலம் அறுந்து, சூடேறி, சக்கரம் தண்டையே கவ்விப் பிடித்துவிடும். இடம் கூடினால் சக்கரம் முன்னும் பின்னும் ஆடும். ஸ்லீவ் அதை முழுதாகக் கவ்வாது. பாரம் ஏறும்போதோ இறங்கும்போதோ நழுவும். ஆகவே இடைவெளி இருக்கவும் வேண்டும், அது அளவோடும் இருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய பாடமா? பால்மரம் சீவிய தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். இன்று பல தோட்டங்களில் செம்பனையே நிற்கிறது என்றாலும், மரம் சீவிய கைகள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. பால் நிறைந்த குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தின் வளரும் திசுவுக்கு மிக அருகில் இருக்கின்றன. கத்தி மேலோடு போனால் பால் குறையும். அந்தத் திசுவுக்கு மேலே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வைக்காமல் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், அந்த ஒரு மில்லிமீட்டரை அளவுகோல் இல்லாமல் காப்பாற்றியவர்கள் நம்மவர்கள். இடைவெளியின் அருமை அவர்கள் பிள்ளைகளுக்கு விளங்காமல் போகாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மரத்தில் ஒரு மில்லிமீட்டரைக் கை அறியும். கியர் பெட்டியில் நாம் தேடுவது அதில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு. அதைக் கையை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது.

பத்தில் ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களில் அட்டையை விட்டுவிட்டு 100 தாள்களை எண்ணி எடுத்து, இறுக்கிப் பிடித்து அடிக்கோலால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், அதாவது 10 மில்லிமீட்டர் வரும். நூறால் வகுத்தால் ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர். கியர் பெட்டியில் ‘நல்லது’, ‘கெட்டது’ என்று தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் இரண்டு மூன்று தாள்களின் கனம்தான்.

இதற்கு வேண்டிய கருவிகள் அதிகம் இல்லை. பீலர் கேஜ் என்பது விசிறி போல் விரியும் எஃகுத் தகடுகளின் கட்டு. ஒவ்வொரு தகட்டிலும் அதன் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். எந்தத் தகடு இலேசான பிடிப்போடு இடைவெளியில் நுழைந்து வருகிறதோ அதுவே இடைவெளியின் அளவு. திணித்து நுழைக்கக் கூடாது; தொளதொளவென்றும் போகக் கூடாது. இரண்டாவது மைக்ரோமீட்டர். அதன் உருளையை ஒரு முழுச் சுற்று சுற்றினால் முனை அரை மில்லிமீட்டர் நகரும். உருளையைச் சுற்றி 50 கோடுகள். ஆகவே ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். மூன்றாவது டயல் கேஜ். கடிகாரம் போன்ற முகம். தண்டு எவ்வளவு ஆடுகிறது என்பதை முள் காட்டும்.

இனி வேலைக்கு வருவோம். கியர் பெட்டியை இறக்குவதற்கு முன் வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி அடியில் படுப்பவரை எந்தச் சம்பளமும் திரும்பக் கொண்டுவராது. எண்ணெயை வடிக்கும்போது அதையும் பார்க்க வேண்டும். மஞ்சளாக மின்னும் தூள் இருந்தால் அது பித்தளை. சிங்க்ரோ வளையம் தேய்கிறது. வெள்ளைச் செதில்களாக இரும்பு வந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது.

பெட்டியைத் திறந்தவுடன் பல பட்டறைகளில் நடப்பது என்ன? சுத்தியலும் கையுமாக எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மேசைமேல் பரப்பிவிடுவார்கள். பார்க்கச் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் எந்தச் சக்கரம் எவ்வளவு ஆடியது என்று சொல்ல வேண்டிய சாட்சியை அப்போதே அழித்துவிட்டார்கள். தெரிந்த பிட்டர் முதலில் கழற்ற மாட்டார், அளப்பார். சக்கரங்கள் தண்டின்மேல் இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பீலர் கேஜைச் செருகி, ஒரு தாளில் எழுதிக்கொள்வார். ஒரு காலத்தில் நம் நாட்டில் நிறைய ஓடிய சிறிய ஜப்பானியக் கார்களின் பழுதுபார்ப்புப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தால், இந்தப் பக்க இடைவெளி 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், 0.30ஐத் தாண்டக் கூடாது என்ற மாதிரியான அளவுகளைக் காணலாம். இது ஓர் உதாரணமே. வண்டிக்கு வண்டி எண் மாறும். அந்தந்த வண்டியின் புத்தகத்தைப் பார்க்காமல் அளப்பது, விடைத்தாள் இல்லாமல் கணக்குத் திருத்துவது போன்றது.

அடுத்தது சிங்க்ரோ வளையம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே கணக்குத் தலைகீழாக இருக்கிறது. பழைய மோரிஸ் மைனர் காரை ஓட்டியவர்களுக்குத் தெரியும். வண்டி ஓடும்போது முதல் கியருக்கு வர வேண்டுமென்றால் கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சின் வேகத்தைக் காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் ‘கிர்ர்’ என்று கத்தும். அந்தக் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. அமெரிக்காவில் கடிலாக் நிறுவனம் 1929ஆம் ஆண்டு மாதிரிக் காரில் முதன்முதலாகக் கொண்டுவந்த இந்த ஏற்பாடு அந்தச் சிரமத்தைப் போக்கியது. பல்சக்கரத்தின் பக்கத்தில் கூம்பு போன்ற ஒரு பகுதி இருக்கும். அதன்மேல் பித்தளை வளையம் ஒன்று, பானைமேல் மூடி உட்காருவதைப் போல, உட்காரும். ஸ்லீவ் பூட்டுவதற்கு முன் இந்த வளையம் கூம்பை அழுத்திப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். அதன் பிறகு பற்கள் சத்தமில்லாமல் கூடும்.

சாதாரணமாக ஒரு பொருள் தேய்ந்தால் இடைவெளி கூடும் அல்லவா? இங்கே குறையும். வளையத்தின் உட்புறம் தேயத் தேய அது கூம்பில் இன்னும் ஆழமாக இறங்கும். இறங்க இறங்க, வளையத்துக்கும் பல்சக்கரத்தின் முகத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். ஒருநாள் வளையம் போய் சக்கரத்தின் முகத்தில் முட்டிவிடும். முட்டிய பிறகு அது கூம்பைப் பிடிக்க முடியாது. அப்போதுதான் இரண்டாவது கியர் போடும்போது வண்டி கத்தத் தொடங்குகிறது. ஆகவே இந்த இடத்தில் புத்தகம் தருவது குறைந்த அளவு. புதிதாக இருக்கும்போது ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும், 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வளையத்தை மாற்று என்று பல கார்களின் புத்தகங்கள் சொல்கின்றன. வளையத்தைக் கூம்பின்மேல் ஒரே சீராக அழுத்திக்கொண்டு, சுற்றிலும் மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் அளந்தால் வளையம் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரியாது. பிறகு அழுத்தியபடியே கையால் திருகிப் பார்க்க வேண்டும். வழுக்கிச் சுழன்றால், அளவு சரியாக இருந்தாலும், அந்த வளையம் பயன்படாது. இங்கே அளவோடு கையும் சாட்சி சொல்கிறது.

எந்த வளையம் எந்தக் கூம்போடு இருந்ததோ அதனோடேயே திரும்பப் போக வேண்டும். இரண்டும் சேர்ந்து தேய்ந்தவை. கழற்றும்போதே நூலால் கட்டி அடையாளம் வைத்துவிட்டால் குழப்பம் வராது. எண்ணெய் விஷயமும் இங்கே வருகிறது. பின்னச்சுக்கென்று விற்கப்படும், கந்தகச் சேர்க்கை மிகுந்த சில எண்ணெய்கள் பித்தளை வளையத்தை அரிக்கக் கூடியவை. ‘கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சத்தம் அடங்கும்’ என்று சொல்லி எதையாவது ஊற்றுவது நல்ல வைத்தியம் ஆகாது.

இனி அந்தப் போர்க்கைப் பார்ப்போம். ஸ்லீவின் சுற்றில் ஒரு பள்ளம் ஓடும். போர்க்கின் இரண்டு விரல்களும் அதில் நிற்கும். விரல் தேய்ந்தாலோ பள்ளம் அகன்றாலோ, ஓட்டுநர் கம்பியை முழுதாகத் தள்ளினாலும் ஸ்லீவ் முழுதாக நகராது. பல பெட்டிகளில் இந்த இடைவெளியின் எல்லை ஒரு மில்லிமீட்டர். நாம் தொடக்கத்தில் சொன்ன, கியர் தானாக நழுவும் கோளாற்றுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டிய இடங்களில் இது ஒன்று. மற்றவை, கம்பியைத் தன் இடத்தில் நிறுத்தி வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்வது, ஸ்லீவின் பற்கள் முனை மழுங்குவது, சக்கரத்தின் பக்க இடைவெளி கூடுவது ஆகியவை. ஓட்டும் பழக்கமும் இதில் சேர்கிறது. ஓடும்போதெல்லாம் கியர் கம்பியின்மேல் கையைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவர் அந்தக் கையின் பாரத்தால் போர்க்கை ஓயாமல் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

தண்டு வளைந்திருக்கிறதா என்பதை, அதை இரண்டு தாங்கிகளில் வைத்துச் சுழற்றி டயல் கேஜால் பார்ப்பார்கள். அரைத் தாள் கனம், அதாவது 0.05 மில்லிமீட்டர் ஆட்டமே பல இடங்களில் எல்லை.

அளந்தாயிற்று, சரிசெய்வது எப்படி? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சைக்கிள் பிரேக்கைப் போல இறுக்கித் தளர்த்த ஒரு திருகாணி இதில் இருக்குமென்று நினைக்கிறார்கள். பெரும்பாலான பெட்டிகளில் அப்படி இல்லை. கனம் வேறுபட்ட வளையங்களும் ஷிம் என்னும் மெல்லிய தகடுகளும்தான் இருக்கின்றன. தண்டின் பள்ளத்தில் மாட்டும் சர்க்லிப் ஒன்றே ஐந்தாறு கனங்களில் கிடைக்கும். ஒன்றுக்கொன்று பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டர் வேறுபாடு. பள்ளத்தில் நுழையக் கூடியவற்றில் ஆட்டம் மிகக் குறைவாக விடுவது எதுவோ அதைத் தேர்ந்து போடுவதே சரிசெய்வது. பழைய சர்க்லிப்பையே நெளித்து மாட்டுவது சரிசெய்வதாகாது.

மூடிய பெட்டிக்குள் இருக்கும் இடைவெளியை எப்படி அளப்பது? பீலர் கேஜ் நுழைய வழியில்லையே! மிட்சுபிஷியின் முன்சக்கர இழுவைக் கார்கள் சிலவற்றின் புத்தகத்தில் இதற்கு ஓர் அருமையான வழி சொல்லப்பட்டிருக்கிறது. ரேடியோ ஒட்டப் பயன்படும் ஈயக் கம்பி, ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் பருமனுள்ளது, 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய துண்டுகள் சில. அவற்றை ஷிம் இருக்க வேண்டிய இடத்தில் பேரிங்கின்மேல் வைத்து, பெட்டியை மூடி, போல்ட்டுகளை உரிய இறுக்கத்தில் முடுக்குகிறார்கள். மறுபடி திறந்தால் ஈயம் நசுங்கிக் கிடக்கும். அதன் கனத்தை மைக்ரோமீட்டரால் அளந்தால் அதுவே உள்ளே இருந்த இடம். ஈயம் நசுங்கவே இல்லையென்றால் இடம் அதைவிடப் பெரியது. இன்னும் பருத்த கம்பியை வைத்துப் பார்க்க வேண்டும்.

நசுங்கிய ஈயம் 1.27 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புத்தகம் 0.05 முதல் 0.10 வரை ஆட்டம் இருக்கட்டும் என்கிறது. 1.27இலிருந்து 0.05ஐக் கழித்தால் 1.22, 0.10ஐக் கழித்தால் 1.17. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஷிம் எது என்று பெட்டியைத் தேடினால் 1.20 கிடைக்கிறது. வேலை முடிந்தது. இது பல்கலைக்கழகக் கணிதமா? தொடக்கப் பள்ளியில் நாங்கள் கற்பிக்கும் தசமக் கழித்தல்தான்.

கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்கில் மட்டும் கொஞ்சம் கவனம் கூட வேண்டும். அங்கே ஆட்டத்துக்குப் பதிலாக ஓர் இலேசான நெருக்கத்தையே பல புத்தகங்கள் கேட்கின்றன. காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். பெட்டி அலுமினியம், தண்டு எஃகு. இரண்டும் சூட்டில் நீளும். ஆனால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இருமடங்கு நீளும். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே 200 மில்லிமீட்டர் தூரம் இருந்து, சூடு 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு ஏறினால் பெட்டி 0.28 மில்லிமீட்டர் அளவு நீளும், தண்டு 0.14 அளவே நீளும். மேசைமேல் ஆட்டம் சரியாக இருந்த தண்டு, சாலையில் ஓடும்போது தாள் கனத்துக்கும் கூடுதலாகத் தளர்ந்துவிடுகிறது. குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் நெருக்கி வைத்தால்தான் சூட்டில் அளவாக நிற்கும். அளவுக்கு மீறி நெருக்கினால் பேரிங் கருகிப்போகும் என்பதையும் மறந்துவிடலாகாது.

பாகங்களை மாற்றிய பிறகு மீண்டும் எல்லாவற்றையும் அளந்து, முன்பு எழுதிய தாளில் பக்கத்துப் பத்தியில் எழுத வேண்டும். புதிய பாகம் என்பதற்காக அளக்காமல் விடக் கூடாது. மூடுவதற்கு முன் ஒவ்வொரு கியரையும் பின் கியரையும் போட்டு, தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் திரும்பவும் திறக்கத்தான் வேண்டும்.

வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ‘கியர் பெட்டி முழுவதும் போய்விட்டது’ என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டால், எந்த இடத்தில் எவ்வளவு அளவு வந்தது, எல்லை எவ்வளவு என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் காட்டச் சொல்லுங்கள். அளந்து வேலை செய்த பட்டறைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தாளை எடுத்துக் காட்டுவார். சில சமயம் ஒரு வளையமும் இரண்டு ஷிம்மும் போதுமாக இருந்த இடத்தில், பழைய கார் உடைக்கும் கடையிலிருந்து வேறொரு பெட்டியே வாங்கி மாட்டப்படுகிறது. அந்தப் பெட்டிக்குள் என்ன தேய்மானம் இருக்கிறதென்று யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பட்டறையில் இருக்கும் பையன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பேனர் பிடித்துக் கழற்றி மாட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். அளந்து எழுதத் தெரிந்தவரைத்தான் முதலாளி சாவியைக் கொடுத்து நம்புகிறார். எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழைப் பயிற்சி நிலையத்தில் படித்தும் பெறலாம். பட்டறையில் பல ஆண்டுகள் உழைத்த அனுபவத்தைச் சான்றோடு காட்டியும் பெற வழி உண்டு. அப்படிக் காட்டும்போது, தேதி போட்டு அளவுகள் எழுதிய ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கையில் இருந்தால் எவ்வளவு உதவும்!

இப்போது வானொலி அருகே இருக்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. அப்பாவோ அண்ணனோ பட்டறையில் இருந்தால் அவர்களோடு சேர்ந்து போடுங்கள். சோதனைக்காக 0.80 மில்லிமீட்டர் ஷிம் ஒன்றைப் போட்டு மூடி, டயல் கேஜால் பார்த்தபோது தண்டு 0.23 மில்லிமீட்டர் ஆடியது. வேண்டிய ஆட்டம் 0.08. அப்படியானால் எந்தக் கனமுள்ள ஷிம் போட வேண்டும்? 0.95 என்று வந்தால் விடை சரி.